பார்த்த வேலையே கனவாகிறது

புது தில்லி: "படித்து என்னவாகப் போகிறாய்?" பதினைந்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம் வீட்டுக்கு வரும் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நாட்டின் கிராமப்புறங்களில் இதற்குக் கிடைக்கும் விடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"பிரதம்" அமைப்பு 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களின் கிராமங்களில், 14 முதல் 18 வயது வரையிலான 34,745 பேரைச் சந்தித்து 2024 ஜனவரியில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. தமிழகத்தின் பெரம்பலூரும் அம்மாவட்டங்களுள் ஒன்று. மாணவர்கள் அதிகம் விரும்பியவை ராணுவமும் காவல் துறையும். மாணவிகள் விரும்பியவை ஆசிரியர், மருத்துவர் பணிகள்.

இதில் வியப்பில்லை. கிராமத்துப் பிள்ளையின் கண்ணில் படும் மாதச் சம்பளக்காரர்கள் இவர்கள்தாம். ஆனால், அந்த வேலையில் தமக்கு முன்மாதிரியாக எவருமே இல்லை என்று மாணவர்களில் 42.5 சதவீதத்தினரும் மாணவிகளில் 48.3 சதவீதத்தினரும் கூறியுள்ளனர். தூரத்தில் பார்த்திருக்கிறார்கள், அருகில் சென்று கேட்க ஆளில்லை.

அதன் விலையை மாணவிகளே அதிகம் கொடுக்கிறார்கள். மேல்நிலை வகுப்பிலும் அதற்கு மேலும் படிப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் கலைப் பிரிவில் உள்ளனர். அறிவியல், கணிதப் பிரிவுகளில் மாணவர்கள் 36.3 சதவீதம் என்றால், மாணவிகள் 28.1 சதவீதமே. அருகிலுள்ள பள்ளியில் அறிவியல் பிரிவு இல்லையெனில், மகளைப் பேருந்தில் தொலைவுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வான "நீட்" எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இதை அறியாமல் கலைப் பிரிவில் சேரும் சிறுமிக்கு அக்கதவு பதினாறு வயதிலேயே மூடிவிடுகிறது.

ராணுவக் கனவிலும் மாற்றம் வந்துவிட்டது. 2022-இல் அறிமுகமான அக்னிபத் திட்டத்தில் சேருவோரில் கால்வாசிப் பேரை மட்டுமே நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரமாக்க வழி செய்யப்பட்டது. ஓய்வூதியத்தை எண்ணி அதிகாலையில் ஓடிப் பழகும் இளைஞனுக்கு இது சிறு செய்தியன்று. தொழிற்பயிற்சியை மாற்றுவழி என்கிறோம். அதில் இருந்தவர்களோ 5.6 சதவீதம் மட்டுமே.

வசதியுள்ள குடும்பங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே பிள்ளை யோசிக்கும் முன்பே பெற்றோர் முடிவெடுத்து, ராஜஸ்தானின் கோட்டா நகருக்கு அனுப்பிவிடுகிறார்கள். 16 வயது நிரம்பாதோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என மத்திய கல்வி அமைச்சகமே 2024 ஜனவரியில் அறிவுறுத்த நேர்ந்தது.

கிராமத்திலோ, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த சில நாள்களில் பாடப் பிரிவைக் குறித்துத் தர வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் அந்தப் படிவத்தை நிரப்பும் முதல் தலைமுறை ஆள் அந்தப் பிள்ளைதான்.