24 கோர், 32 த்ரெட்: செயலியின் விவரக்குறிப்பைப் படித்தல்

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணினிச் செயலி விளம்பரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். “ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்றீர்களே டீச்சர், 24 கோருக்கு 48 அல்லவா வர வேண்டும்? 32 என்று போட்டிருக்கிறதே!” அப்போது எனக்கும் விடை தெரியவில்லை. வீட்டில் தேடிப் படித்த பிறகே புரிந்தது.

அது 2022இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ9-13900கே. அதன் 24 கோர்களும் ஒரே வகை அல்ல. கனமான வேலைக்கு 8 பெரிய கோர்கள். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிறிய கோர்கள் 16. பெரியது ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைத் தொடர்களை, அதாவது த்ரெட்களை, ஏற்கும். சிறியது ஒன்றை மட்டுமே. ஆகவே 8×2+16=32. மறுநாள் கரும்பலகையில் மாணவியே எழுதிக் காட்டினாள்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது 5.8 கிகாஹெர்ட்ஸ், நொடிக்கு 580 கோடித் துடிப்புகள். இதில்தான் பலரும் ஏமாறுகிறோம். ஓரிரு பெரிய கோர்கள் மட்டும், வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும்போது தொடும் உச்சம் அது. பெரிய கோர்களின் அடிப்படை வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸ்தான்.

மின்சாரத்துக்கும் இரண்டு எண்கள்: அடிப்படை 125 வாட், உச்சம் 253 வாட். முதல் எண்ணை மட்டும் பார்த்துச் சிறிய கூலரை மாட்டினால், செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசு வீண்.

36 எம்பி கேஷ் என்பது மேசைமேல் எடுத்துவைத்த புத்தகங்கள்போல. ரேம், அறைக்கோடியிலுள்ள பீரோ.

“நம்ம லேப் கம்ப்யூட்டர்ல எத்தனை டீச்சர்?” என்றாள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம்: 4 கோர், 4 த்ரெட்.