சுடும் ஸ்க்ரூவைக் காட்டிக் கொடுக்கும் கேமரா

அருப்புக்கோட்டையில் நூற்பாலைகளும் விசைத்தறிக் கூடங்களும் அதிகம். பஞ்சுத் தூசு பறந்து எங்கும் படியும். மின்சார பேனலுக்குள்ளும்தான். அங்கே ஒரு ஸ்க்ரூ லூசாகிச் சூடேறினால் ஆபத்து. இந்தச் சூட்டைத் தொடாமல், தள்ளி நின்றே படமாகக் காட்டுவது அகச்சிவப்பு வெப்பக் கேமரா. ஏசியும் யு.பி.எஸ்.ஸும் உள்ள வீட்டுக்கும் இது உதவும்.

"எம்.சி.பி. இருக்கிறதே, அது பார்த்துக் கொள்ளாதா?" என்று கேட்பீர்கள். பார்க்காது. கரண்ட் அளவு மீறினால்தான் எம்.சி.பி. விழும். லூஸ் கனெக்‌ஷனில் கரண்ட் கூடுவதில்லை. 8 ஆம்பியர் இழுக்கும் ஏசியின் பிளக்கில் 0.2 ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். 8 × 8 × 0.2, அதாவது சுமார் 13 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் உண்டாகும். 25 வாட் சால்டரிங் அயர்னில் பாதி! எம்.சி.பி.க்கு எதுவும் தெரியாது. பிளாஸ்டிக் மெல்ல உருகும்.

சூடான பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வெளியிடுகின்றன. சூரிய ஒளியின் சிவப்புக்கு அப்பால் இத்தகைய கதிர்கள் இருப்பதை 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் தெர்மாமீட்டர் வைத்துக் கண்டுபிடித்தார். வெப்பக் கேமரா 8 முதல் 14 மைக்ரான் வரையிலான கதிர்களைப் படிக்கிறது. டி.வி. ரிமோட்டின் ஒளி சில செல்போன் கேமராக்களில் தெரியும். அதுவும் அகச்சிவப்புதான், ஆனால் 1 மைக்ரானுக்கும் குறைவானது. இரவில் படமெடுக்கும் சி.சி.டி.வி.யும் அந்த வகையே. அதை வைத்துச் சூட்டைப் பார்க்க முடியாது. வாங்கும்போது ஏமாற வேண்டாம்.

2014-ல் ஐபோனில் மாட்டும் ஃப்ளிர் ஒன் வந்தது. அதன் வெப்பப் படத்தில் 80 × 60, அதாவது 4,800 புள்ளிகள் மட்டுமே. தள்ளி நின்றால் சிறிய ஸ்க்ரூ, சுற்றியுள்ள இடத்தோடு கலந்து, சூடு குறைவாகத் தெரியும். பளபளக்கும் செம்பும் பொய் சொல்லும். தன் சூட்டைக் காட்டாமல் எதிரில் இருப்பதன் சூட்டைப் பிரதிபலிக்கும். ஆகவே பக்கத்தில் உள்ள வயர் இன்சுலேஷனைப் பாருங்கள்.

சித்திரை வெயிலில் திருச்சுழிப் பக்கம் வெளிச்சுவர் மீட்டர் பெட்டியே கொதிக்கும். ஆகவே பொழுது சாய்ந்த பின், ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். டிகிரி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரே அளவு லோடு உள்ள இரண்டு இணைப்புகளை ஒப்பிடுங்கள். மூன்று பேஸும் சமமாகச் சூடானால் அது லோடு. லோடு சமமாக இருந்தும் ஒன்று மட்டும் சுட்டால் இணைப்பில் கோளாறு.

கேமராதான் தொடவில்லையே என்று போர்டு மூடியை நீங்களே கழற்றிவிடாதீர்கள். உள்ளே உயிருள்ள மின்சாரம் இருக்கிறது. பிளக், சாக்கெட், மூடிய போர்டின் முகப்பு, இவற்றோடு நிறுத்திக் கொள்ளுங்கள். மூடியைத் திறப்பது லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. ஸ்க்ரூவை முடுக்குவதும் மெயினை அணைத்த பிறகே.

ஒரு வீட்டுக்காக மட்டும் இதை வாங்குவது வீண் செலவு என்பேன். தெரு எலக்ட்ரீஷியன் ஒருவர் வாங்கினால் நூறு வீட்டுக்கு ஆகும். அவர் முடுக்கிய பின் அதே லோடில் இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.