காற்றும் நீரும் உரமாகும் வழி

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தை நம்பி நடவு செய்யும் உழவரிடம் பயிருக்கு வேண்டுவது யாதெனக் கேட்டால், தண்ணீருக்கு அடுத்தபடியாக யூரியா என்பார். அந்த யூரியாவுக்கு மூலப்பொருள் அம்மோனியா. மணலி உர ஆலையில் அது முன்பு நாப்தாவிலிருந்து தயாரிக்கப்பட்டது. 2019-இல் ஆலை இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. கடல் கடந்து கப்பலில் வரும் எரிவாயு எண்ணூரில் இறக்கப்படுகிறது. எங்கோ போர் மூண்டு அதன் விலை உயர்ந்தால், உழவர் தரும் விலை உயராவிடினும் அரசின் மானியச் சுமை ஏறுகிறது. அச்சுமை நம் வரிப்பணத்தின் மீதே விழுகிறது. மேலும், எரிவாயுவிலிருந்து ஒரு டன் அம்மோனியா ஆக்கும்போது ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளிப்படுகிறது.

இதற்கு மாற்று வழி உண்டா? உண்டு.

ஆக்கும் முறை

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அதனை ஹைட்ரஜனுடன் இணைத்து அம்மோனியாவாக்கும் முறையை ஜெர்மானிய விஞ்ஞானி ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் செய்து காட்டினார். கார்ல் போஷ் 1913-இல் அதனைப் பெருந்தொழிலாக்கினார். நைட்ரஜன் காற்றிலேயே கிடைக்கிறது. ஹைட்ரஜனை எதிலிருந்து பெறுவது என்பதே கேள்வி. எரிவாயுவிலிருந்து பெற்றால் கரியமில வாயுவும் உடன் பிறக்கும். நீரில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தாலோ, ஹைட்ரஜனோடு பிராணவாயு மட்டுமே வெளிவரும். அம்மின்சாரம் சூரிய ஒளியாலோ காற்றாலோ கிடைத்ததாயின் புகைக்கு இடமில்லை.

புதுமை அன்று

இம்முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. பஞ்சாபிலுள்ள நங்கல் உர ஆலை, 1961 முதல் பக்ரா அணையின் நீர்மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தது. கல்பாக்கத்தை அண்டி வாழ்வோர் அறிந்த கனநீரை நம் நாட்டில் முதன்முதலாகத் தயாரித்த ஆலையும் 1962-இல் அங்கேதான் எழுந்தது. நாட்டில் மின்தேவை பெருகவே, 1978-இல் எரிநெய்யை மூலப்பொருளாகக் கொண்ட ஆலை அங்கு அமைந்தது. கைவிடப்பட்ட அவ்வழிக்கே இன்று திரும்புகிறோம். 2021-இல் ராஜஸ்தானின் பீகானேரில், சூரிய மின்சாரத்தால் நாளொன்றுக்கு 5 டன் ஆக்கும் முன்னோடி ஆலை எழுந்தது. 2023 ஜனவரியில் மைய அரசு தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது.

நம்மூர்க் கணக்கு

நாளொன்றுக்கு 1,000 டன் அம்மோனியா ஆக்கும் ஆலையை எண்ணிப் பாருங்கள். வேதிவினைக்கு மட்டும் சுமார் 16 லட்சம் லிட்டர் தூயநீர் வேண்டும். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2024-இல் திறக்கப்பட்ட இரண்டாவது கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர். அதில் இது நூற்றில் ஒரு பங்களவே. ஆனால் மின்சாரமோ ஏறத்தாழ 1 கோடி யூனிட் தேவை! கல்பாக்கத்தில் தலா 220 மெகாவாட் திறனுடன் அமைக்கப்பட்ட இரு அணு உலைகளும் இரவுபகலாக முழுத்திறனில் இயங்கினால் கிடைக்கும் அளவு அது. கதிரவனோ பகலில் மட்டுமே உழைப்பவன். ஆகவே, நங்கலைப் போலவே இன்றும் தடையாக நிற்பது மின்சாரமே.

வேறொரு சிக்கலும் உண்டு. யூரியா ஆக்குவதற்கு அம்மோனியாவுடன் கரியமில வாயுவும் வேண்டும். எரிவாயு ஆலையில் அது உடன் கிடைக்கிறது. புதிய முறையில் வேறிடத்திலிருந்து கொணர வேண்டும். எனவே டி.ஏ.பி. போன்ற உரங்களுக்கே தூய அம்மோனியா முதலில் எளிதில் பயன்படும்.

தூய்மை எது?

2023 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் இரவு. எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய மீனவச் சிற்றூர்களின் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீடுகளை விட்டு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சூரிய ஒளியால் ஆக்கினும் எரிவாயுவால் ஆக்கினும், கசிந்த அம்மோனியா நச்சே. பிறப்பில் தூய்மை மட்டும் போதாது; அதைக் கையாள்வதிலும் தூய்மை வேண்டும்.

ஆதலின், இத்தகைய ஆலை எந்தக் கடற்கரைக்கு வரினும், எடுத்த எடுப்பில் எதிர்ப்பதும் கண்மூடி வரவேற்பதும் முறையாகா. மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். மின்சாரம் எங்கிருந்து வரும்? நீர் எடுத்தபின் எஞ்சும் உவர்நீர் எங்கே போகும்? நள்ளிரவில் கசிவு நேர்ந்தால், குப்பத்தில் உறங்கும் குழந்தையின் தாய்க்கு யார், எவ்வாறு, எத்தனை நிமிடத்தில் அறிவிப்பார்?

மூன்றுக்கும் தெளிவான விடை தரும் ஆலையே தூய ஆலை. வயலுக்கு உணவூட்டும் தொழில், கரையில் வாழ்வோரின் மூச்சையும் காக்கட்டும்.