டார்வின் பிள்ளைகள் துரத்திய தேனீ

‘ஆண் தேனீ என்றாலே தின்று திரிகிற சோம்பேறிதானா?’ என்று மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பம்பிள்பீ என்கிற மயிரடர்ந்த, பருத்த தேனீயின் ஆணைப் பார்த்தால் அவர் அப்படிக் கேட்கமாட்டார். நம் ஊரில் உத்தரத்தைத் துளைக்கும் கருவண்டு வேறு. இது குளிர்ப் பிரதேசத்துப் பூச்சி. இந்தியாவில் இமயமலைப் பக்கம் உண்டு.

1854-இல் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில், தம் வீட்டுத் தோட்டத்தில் சார்லஸ் டார்வின் ஒன்றைக் கவனித்தார். ‘தோட்டப் பம்பிள்பீ’ என்கிற இனத்தின் ஆண்கள் ஒரு மரத்தடி, ஒரு வேலிச்செடி, ஒரு பள்ளம் என்று குறித்த இடங்களில் கணநேரம் ரீங்கரித்து நின்று, அடுத்த இடத்துக்குப் பறந்தன. எங்கள் தெருப் பால்காரர் வாடிக்கை வீடுகளில் மட்டும் சைக்கிளை நிறுத்துவாரே, அந்த ஒழுங்கு. டார்வின் தம் பிள்ளைகளை ஆளுக்கோர் இடத்தில் நிறுத்தினார். தேனீ வந்ததும் அவர்கள் குரல் கொடுக்க, வழி புலப்பட்டது. அடையாளத்துக்காகத் தேனீமேல் மாவும் தூவினார்! அவரை வியக்க வைத்தது இதுதான்: அந்த ஆண்கள் குளிர்காலத்துக்குள் செத்துப்போகும், ஆனால் மறு வருடம் புதிதாகப் பிறந்தவையும் அதே இடங்களில் நின்றன. சொல்லிக்கொடுக்க யாருமில்லை.

ஆண்கள் அங்கே வாசனை பூசுகின்றன. தலையிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் அந்த மணம் இளம் ராணிகளை ஈர்க்கும். ஒவ்வோர் இனத்துக்கும் தனி மணம், தனி உயரம்; தோட்டப் பம்பிள்பீ தரையை ஒட்டியே பறக்கும், சில இனங்கள் மர உச்சியில். இத்தனை உழைத்தும் பெரும்பாலான ஆண்களுக்கு ராணி கிடைப்பதில்லை. தோட்டப் பம்பிள்பீயின் உறவான ‘பாம்பஸ் டெரஸ்ட்ரிஸ்’ ஆண், கூடிய பின் ராணியின் இனப்பெருக்கப் பாதையைப் பசைபோன்ற பொருளால் அடைத்துவிடுகிறது. அதிலுள்ள லினோலியிக் அமிலம், அவள் வேறோர் ஆணை நாடாதபடி தடுக்கிறது.

அதன்பின் ராணி மண்ணுக்குள் புகுந்து குளிர்காலம் முழுக்கத் தூங்கும். பழைய கூட்டில் தாய், வேலைக்காரிகள், ஆண்கள் எல்லாரும் மடிந்துபோவார்கள். வசந்தத்தில் அவள் ஒருத்தியே புதுக் குடும்பத்தைத் தொடங்க வேண்டும். எழுந்ததும் அவளுக்குப் பூ வேண்டுமே! பிரிட்டனின் பூப் புல்வெளிகளில் சுமார் 97 சதவீதம் 1930-களுக்குப் பிறகு அழிந்துவிட்டன. பூவே இல்லாமல் மொட்டையாகப் புல் வெட்டி வைப்பதை அழகென்று நினைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கிலாந்தில் தோட்டத்தோடு வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓர் ஓரத்தில் சிவப்புக் குளோவர் என்கிற பூச்செடி வளரட்டும், குளிர்காலத்தில் அந்த மண்ணைக் கிளறாதீர்கள்.