பாட்டு ரெண்டு பேரோடது, லிஸ்ட் ஒருத்தர்கிட்ட மட்டுமா?

நீங்க வரி எழுதுறீங்க, நண்பர் மெட்டுப் போடுறார். 40 பாட்டு ஆச்சு. ஆனா லிஸ்ட் முழுக்க அவர் லேப்டாப்ல. நாளைக்கு உங்க பங்கை எதை வச்சுக் கேட்பீங்க?

2012 காப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ரெண்டு பேரோட ராயல்டி உரிமைக்கும் பாதுகாப்பு தருது. ஆனா ஐ.பி.ஆர்.எஸ்.ல ஆளாளுக்கு ஒரு சதவீதம் பதிவு பண்ணினா பணம் மாட்டிக்கும்.

அதனால லிஸ்டை சி.எஸ்.வி. ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி வாங்கிடுங்க. பாட்டுத் தலைப்பு, எழுதினவங்க, ஐ.பி.ஐ. எண், பங்கு, ஐ.எஸ்.டபிள்யூ.சி. இவ்வளவும் வேணும். ஐ.எஸ்.ஆர்.சி. வேற விஷயம், அது ரெக்கார்டிங்குக்கான எண். ஒரே பாட்டை மூணு தடவை ரெக்கார்ட் பண்ணினா மூணு எண் வரும்.

இங்கதான் எக்செல் வேலையைக் காட்டும்! 11 இலக்க ஐ.பி.ஐ. எண் பெரும்பாலும் பூஜ்யத்துல ஆரம்பிக்கும். ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறந்தா அந்தப் பூஜ்யம் காணாமப் போயிடும். தமிழ்த் தலைப்பும் சிலசமயம் கிறுக்கலா மாறிடும். அதனால டேட்டா மெனு வழியா இம்போர்ட் பண்ணுங்க. யூ.டி.எஃப்-8 தேர்ந்தெடுங்க, எண் காலத்தை ‘டெக்ஸ்ட்’னு மாத்துங்க.

பேங்க், பான் விவரம் அந்த ஷீட்ல வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பாட்டுக்கும் பங்கு கூட்டினா 100 வருதான்னு பாருங்க. ஃபைல் பேர்ல தேதி போட்டு அவருக்கு மெயில் அனுப்பி, ‘சரி’ன்னு ஒரு பதில் வாங்கி வச்சுக்கோங்க.