முதல்ல ஒரு ஊர், அப்புறம் நாடு

ஆப் பண்றவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். பிளே ஸ்டோர்ல புது வெர்ஷனை எடுத்த எடுப்பிலேயே எல்லாருக்கும் தள்ளிவிட மாட்டோம். முதல்ல 5 சதவீதம் பேருக்கு விட்டுப் பார்ப்போம். கிராஷ் ஆனா நிறுத்திக்கலாம். சோப்பு, பிஸ்கட் விற்கிற கம்பெனிகள் நமக்கு ரொம்ப முன்னாடியே இதைச் செய்தவர்கள். அவங்களுக்கு அந்த 5 சதவீதம் என்பது ஒரு ஊர்.

அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி பேம்பர்ஸ் டயப்பரை 1961 டிசம்பரில் முதலில் விற்றுப் பார்த்தது, இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஊரில். ஒன்றின் விலை 10 சென்ட். அம்மாக்களுக்குப் பொருள் பிடித்திருந்தது, விலைதான் பிடிக்கவில்லை. துணியைத் துவைத்துக் கட்டுவதே மலிவு என்று விட்டுவிட்டார்கள். நாடு முழுக்க இறக்கியிருந்தால், அது விலையால் தோற்றதா, பொருளால் தோற்றதா என்று யோசிக்கிறதுக்குள்ள லாரி லாரியா சரக்கு திரும்பி வந்திருக்கும். ஒரு ஊர் என்பதால் நிதானமா யோசிக்க முடிந்தது. அடுத்து வந்தது முழுக்க முழுக்க நம்ம டிபார்ட்மென்ட் வேலை. பஞ்சு, பிளாஸ்டிக் தாள், பசை மூணையும் ஓட்ட வேகத்திலேயே சேர்க்கிற மெஷின்களைச் செப்பனிட்டு, தயாரிப்புச் செலவைக் குறைத்தார்கள். விலை சுமார் 6 சென்ட்டுக்கு இறங்கியதும் டயப்பர் ஓட ஆரம்பித்தது. அப்போதும் ஊர் ஊராகத்தான் போனார்கள், ஏன்னா மொத்த நாட்டுக்கும் போதுமான மெஷின் கையில் இல்லை.

இதுக்கு நேர் எதிர் 1985-ல் கோகோ கோலா. கிட்டத்தட்ட 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லிவிட்டு, ஏப்ரல் 23-ல் புது கோக்கை அறிவித்து, பழையதைத் தயாரிப்பதையே நிறுத்தினார்கள். டெஸ்டே பண்ணலைன்னு சொல்ல முடியாது. ஆனால் டெஸ்ட் நடந்தது டம்ளரில், கடையில் இல்லை. "பழைய கோக் இனிமே கிடைக்காது" என்பதை அந்த டம்ளர் கேட்கவே இல்லை. 79 நாளில், ஜூலை 11-ல், பழையது 'கிளாசிக்' என்ற பெயரோடு திரும்பி வந்தது.

அப்போ மெதுவா போறதுதான் எப்பவும் சரியா? அங்கதான் சிக்கல். நம்ம பீட்டா வெர்ஷனோட கோடை வெளியாள் பார்க்க முடியாது. கடை அலமாரியில் இருப்பதை எவனும் காசு கொடுத்து வாங்கிப் பிரிச்சுப் பார்க்கலாம். அதே ப்ராக்டர் அண்ட் கேம்பிள் 1983-ல் டங்கன் ஹைன்ஸ் குக்கியை கன்சாஸ் சிட்டியில் சோதித்தது. வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. ரெண்டு வகை மாவு, அதுக்குப் பேட்டண்ட் வேற. சோதனை நடக்கும்போதே நபிஸ்கோ, கீப்ளர், ஃப்ரிட்டோ லே மூணும் அதே மாதிரி குக்கியோடு வந்துவிட்டன. வழக்கு 1989-ல் 12.5 கோடி டாலருக்கு சமரசமாக முடிந்தது. பணம் வந்துச்சு, குக்கி நிலைக்கலை.

டயப்பரையும்தான் வாங்கிப் பிரிச்சுப் பார்க்கலாம். ஆனா அதை 6 சென்ட்டுக்குச் செய்து தர்ற மெஷின் கடையில் கிடைக்காது. குக்கிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏற்கனவே அடுப்பும் ஆளும் வைத்திருந்தவனுக்கு மாவு விஷயம் புரிந்தாலே போதும். அந்த மாதிரி பொருளை ஒரு ஊரில் மாதக்கணக்கில் வைத்திருப்பது, எக்ஸாமுக்கு முன்னாடி பேப்பரை நோட்டீஸ் போர்டுல ஒட்டுற கணக்குதான்.