மானாவாரிக் காட்டில் ஒரு புற்றுநோய் மருந்து

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. இந்த மானாவாரிக் காடுகளில் நித்தியகல்யாணியும் பயிராகிறது. ஆடு வாய் வைக்காது; மழை தள்ளிப்போனாலும் தாக்குப்பிடிக்கும். இலையையும் வேரையும் காயவைத்து விற்கிறார்கள். அந்த இலையில் உள்ள வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் புற்றுநோய் மருந்துகள்.

அவை வேலை செய்யும் விதம் புரிய, முதலில் செல் பிரிவதைப் பார்க்க வேண்டும். அதைப் புரதங்களே நடத்துகின்றன. சைக்ளின் என்ற புரதம் செல்லுக்குள் சேரச் சேர, கைனேஸ் நொதிகள் முடுக்கம் பெற்றுப் பிரிவு தொடங்கும். பிறகு சைக்ளினைச் செல்லே அழித்துவிடும். 1982-இல் கடல் முள்ளெலியின் முட்டைகளில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்த டிம் ஹன்ட், 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டிஎன்ஏ பழுதானால் பி53 என்ற புரதம் பிரிவை நிறுத்தும். பழுது தீராவிட்டால் செல்லையே சாகவைக்கும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53-இன் மரபணு கெட்டிருக்கிறது. தடுக்க ஆளில்லாமல் செல்கள் பெருகுகின்றன.

ஆனால் இன்னொரு காவல் பெரும்பாலான புற்றுநோய்ச் செல்களிலும் மிஞ்சியிருக்கிறது. டியூபுலின் புரதம் கோத்துக் கோத்து நுண்குழல்களாக நீண்டு, குரோமோசோம்களை இரு பக்கமும் வடம்பிடித்து இழுப்பதுபோலப் பிரிக்கும். ஒரு குரோமோசோம் மாட்டாமல் நின்றாலும், மேட்2 முதலிய புரதங்கள் பிரிய விடாது. நித்தியகல்யாணியின் மருந்து டியூபுலினில் ஒட்டிக்கொண்டு குழல் உருவாவதையே தடுக்கிறது. செல் நடுவழியில் நிற்கிறது. பல செல்கள் அப்படியே மடிகின்றன. நோய்க்கு எஞ்சிய ஒழுங்கையே நோய்க்கு எதிராகத் திருப்பும் இந்த வழி என்னை வியக்க வைக்கிறது.

விலையும் உண்டு. வேகமாகப் பிரியும் முடிவேர்ச் செல்களும் அடிபடுவதால் முடி கொட்டும். நரம்புகளுக்குள்ளும் நுண்குழல்கள் இருப்பதால், வின்கிரிஸ்டின் ஏற்றியவர்களுக்கு விரல்கள் மரத்துப்போகும்.

இதைக் கண்டறிந்த கனடாவின் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் புற்றுநோய் மருந்தைத் தேடிப் போகவில்லை. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடித்த இலை என்று ஆராய்ந்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் சரிந்தன. 1958-இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. நம்மிடமும் சர்க்கரைக்கென்று இந்தப் பூவைக் காய்ச்சிக் குடிப்பவர்கள் உண்டு; செடி முழுவதும் நஞ்சு, தயவுசெய்து வேண்டாம்.

1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முதல்வரிசை மருந்து. அதில் 1 கிராம் எடுக்க ஏறத்தாழ 2,000 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு தடவைக்கு ஏற்றுவது வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. அந்த அளவுக்கு நான்கு கிலோ இலை.